1969–71 இசைத்தட்டுகள்: நான்கு மாலைகளுக்கு எவற்றைத் தேர்வது?

கேள்வி: கோத்தகிரி வாசகி

வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டம் வரும் மழைக்காலத்தில் புத்தகங்களோடு இசையையும் எடுத்துக்கொள்வதென்று தீர்மானித்து, நான்கு மாலைகளை என் பொறுப்பில் விட்டிருக்கிறது. 1969 தொடங்கி 1971 முடிய, ஒரு பத்தாண்டு முடிந்து அடுத்தது பிறந்த அந்தக் குறுகிய காலத்தில், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பதிவான ஜாஸ், சோல், ப்ளூஸ், ராக் ஆல்பங்களிலிருந்து வகைக்கு ஒன்றாக நான்கைத் தேர்ந்து, ஒரு மாலைக்கு ஒன்றென முழுமையாக ஒலிக்கச் செய்யலாம் என்பது என் எண்ணம். பாடல்களைத் துண்டு துண்டாகப் போட்டுக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

வருபவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், தேயிலைத் தொழிற்சாலைகளில் பணிபுரிபவர்கள் எனப் பலரும் உண்டு. கர்நாடக இசை அறிந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். இளையராஜா பாடல்களில் பாஸ் கிதார் எந்த இடத்தில் ஏறுகிறது, எந்த இடத்தில் ஒதுங்குகிறது என்று கவனித்துக் கேட்பவர்கள் அவர்களைவிட அதிகம். ஆனால் ஆங்கிலப் பாடல் வரிகளைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்பவர்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்ட ஓர் அவையில் முதல் மாலையில் எதை வைத்தால் அடுத்த மாலைக்கும் மனம் விரும்பி வருவார்கள்? வெவ்வேறு வகைகளைச் சேர்ந்த ஆல்பங்கள் என்றாலும் இந்தக் காலத்தவை எல்லாம் ஏதோ ஒருவகையில் உறவுடையவையாக எனக்குக் கேட்கின்றன. அதற்குக் காரணம் என்ன என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் அவையில் எடுத்துச் சொல்ல உதவும்.

மறுமொழி: கொடைக்கானல் நண்பர்

அம்மா, வணக்கம். வகைக்கு ஒன்று என்ற உங்கள் ஏற்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். அதைச் சற்றுத் தளர்த்திக்கொண்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். மூன்று நிமிடப் பாட்டு என்ற கட்டு அவிழ்ந்த காலம் அது. நீண்டு ஓடும் எல்.பி. தட்டு 1948லேயே வந்துவிட்டது என்றாலும், வெகுமக்கள் இசை அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய தட்டை நம்பியே இயங்கியது. வானொலியும் அந்த அளவுக்குள் அடங்கிய பாட்டையே விரும்பியது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எஃப்.எம். நிலையங்கள் நீண்ட பாடல்களை வெட்டாமல் ஒலிபரப்பத் தொடங்கின. இளைஞர்கள் தனிப்பாட்டுக்குப் பதில் ஆல்பத்தையே வாங்கினார்கள். ஒலிப்பதிவுக்கூடங்களில் நான்கு தடங்களின் இடத்தில் எட்டும், விரைவில் பதினாறும் வந்தன. ஒரு தட்டின் ஒரு பக்கம், அதாவது ஏறக்குறைய இருபது நிமிடம், கலைஞரின் முழு உரிமையாயிற்று. ஜாஸ்காரர், சோல் பாடகர், ராக் குழு என்ற வேறுபாடின்றி எல்லோரும் ஒரே சமயத்தில் அந்த இருபது நிமிடத்தை எப்படி நிரப்புவது என்று சிந்தித்தார்கள். நீங்கள் உணரும் உறவு பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான்.

முதல் மாலைக்கு ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' ஆல்பத்தைத் தயங்காமல் வையுங்கள். 1969 பிப்ரவரி 18 அன்று நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் முப்பதாவது தெருக் கூடத்தில் பதிவானது. பாடல் வரி இல்லாததால் மொழி ஒரு தடையே ஆகாது. மூன்று விசைப்பலகைக் கலைஞர்கள், டிரம்பெட், சோப்ரானோ சாக்ஸபோன், கிதார், பாஸ், டிரம்ஸ் என்று இத்தனை கருவிகள் இருந்தும் யாரும் யாரையும் முந்துவதில்லை. ஆல்பத்தின் பெயரைக் கொண்ட பாடலை எழுதியவர், விசைப்பலகைக் கலைஞர்களில் ஒருவரான ஜோ சாவினுல். அவர் எழுதிவந்த கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற்றங்களையெல்லாம் மைல்ஸ் நீக்கிவிட்டு, ஒரே சுரத்தின் மீது மெட்டை மிதக்கவிட்டார். தம்புராவின் மேல் ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அந்த முடிவு எவ்வளவு துணிவானது என்பதைவிட எவ்வளவு இயல்பானது என்பதே முதலில் தோன்றும்.

கிதார் வாசித்தவர் ஜான் மெக்லாக்லின். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வந்து சில நாட்களே ஆகியிருந்தன. கிதார் வாசிக்கத் தெரியாதவனைப் போல வாசி என்று மைல்ஸ் தன்னிடம் சொன்னதை அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அதே மெக்லாக்லின் பிறகு எஸ்.ராமநாதனிடம் வீணை கற்று, எல்.சங்கர், சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவை அமைத்தார் என்பதை உங்கள் அவையிலுள்ள கர்நாடக இசை அன்பர்களிடம் சொல்லுங்கள்.

தயாரிப்பாளர் டியோ மசேரோவின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. ஒலிநாடாவை வெட்டி ஒட்டி இரு பக்கங்களையும் உருவாக்கியவர் அவர். இரண்டாம் பக்கத்தின் தொடக்கப் பகுதி இறுதியில் மீண்டும் வருவது கலைஞர்கள் இரண்டாம் முறை வாசித்ததன்று. அதே நாடாப் பதிவை அவர் கடைசியில் மறுபடி சேர்த்ததுதான். அதை முன்கூட்டிச் சொல்லாமல் கேட்கவைத்து, முடிந்தபின் சொன்னால் மாணவர்கள் இன்னொரு முறை போடச் சொல்வார்கள்.

சோல் இசைக்கு ஐசக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்ட் சோல்' என் பரிந்துரை. 1969இல் வெளிவந்தது, மொத்தமே நான்கு பாடல்கள், கடைசிப் பாடல் பதினெட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது, அதில் பாதிக்கு அருகில் அவர் கதை சொல்லிக்கொண்டேயிருக்க, ஆர்கன் ஒரே இடத்தில் நிற்கிறது. இப்படி ஒரு தட்டு வெளிவர வாய்த்த சூழலும் அறியத்தக்கது. மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனம் 1967 டிசம்பரில் தன் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கை விமான விபத்தில் இழந்தது. மறு ஆண்டு அட்லாண்டிக் நிறுவனத்துடன் உறவு முறிந்தபோது தன் பழைய பதிவுகளின் உரிமையையும் இழந்தது. வெறுங்கையோடு நின்ற நிறுவனத்துக்கு அதன் நிர்வாகி அல் பெல் ஒரே மூச்சில் இருபத்தேழு ஆல்பங்கள் தயாரிக்கத் திட்டமிட்டார். அத்தனையில் ஒன்றுதானே என்ற நிலையில், ஹேய்ஸுக்கு விரும்பியபடி பதிவுசெய்யும் சுதந்திரம் கிடைத்தது. அந்தக் கூட்டத்திலிருந்து மேலெழுந்து நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது அவருடைய தட்டுதான்.

மறுமொழி: கூடலூர் வாசகர்

வணக்கம். கொடைக்கானல் நண்பர் எழுதியதை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் ப்ளூஸைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நம் மலைகளில் முதலில் சொல்ல வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

என் பெற்றோர் 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து, இங்கே அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கங்காணியிடம் பட்ட கடனையும், காப்பிப் பழம் ஒன்று தவறியதற்காகச் சின்னதுரை உதைத்ததையும் சொல்லும் பாட்டுகளை எங்கள் வீட்டில் முதியவர்கள் பாடக் கேட்டு வளர்ந்தவன் நான். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டங்களில் குத்தகை விவசாயி ஆண்டு முழுவதும் உழைத்து, ஆண்டிறுதிக் கணக்கில் மீண்டும் கடன்காரனாகவே நின்றான் என்பதை முதன்முதலில் படித்தபோது, அந்த இசையை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குரல் முதலில் பதிவானதே ஒரு தோட்டத்தில்தான். 1941இல் ஸ்டோவல் தோட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் வந்தவர்கள் அவரைப் பதிவுசெய்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர் தோட்டத்தை விட்டுச் சிகாகோ சென்றார். அங்கே கிதாருக்கு மின்சாரம் ஏறியது.

1969க்கு நான் சொல்வது பி.பி.கிங்கின் 'கம்ப்ளீட்லி வெல்'. 1925இல் மிசிசிப்பித் தோட்டமொன்றில் பிறந்து, பருத்தி பறித்து, டிராக்டர் ஓட்டி, பின்பு மெம்ஃபிஸ் வானொலியில் பேர்பெற்றவர் அவர். அந்த ஆல்பத்தின் இறுதிப் பாடலான 'தி த்ரில் இஸ் கான்' 1951இல் ராய் ஹாக்கின்ஸ் பாடி வெளிவந்த பழைய பாட்டு. பி.பி.கிங் அதை எடுத்துப் பாடியபின், தயாரிப்பாளர் பில் சிம்சிக் வயலின் குழுவைச் சேர்க்கலாம் என்று கருதினார். ப்ளூஸில் வயலின் குழுவா என்று அந்நாளில் பலருக்கு ஐயம் எழுந்திருக்கும். ஆனால் கேட்டுப் பாருங்கள், பாட்டின் துயரத்தை அவை மறைக்கவில்லை, அதற்குப் பின்னால் மேகம்போல நிற்கின்றன. 1970இல் அது அமெரிக்காவின் பொதுப் பாடல் தரவரிசையில் பதினைந்தாம் இடம்வரை ஏறியது. இருபது ஆண்டுகளாகக் கறுப்பின மக்களின் அரங்குகளில் மட்டுமே பெரிதும் அறியப்பட்டிருந்தவரை உலகம் அறிந்தது.

உங்கள் அவைக்கு ஒரு குறிப்பு உதவும். பி.பி.கிங் பாடும்போது கிதார் வாசிப்பதில்லை. ஒரு வரியைப் பாடி நிறுத்துவார்; கிதார் அதற்கு மறுமொழி சொல்லும்; மறுபடி பாடுவார். ஒரு தந்தியை விரலால் அழுத்தி வளைத்து, அடுத்த சுரத்தை எட்டி, அங்கே நடுங்கவிடுவதைக் கேட்டால், கமகம் அறிந்தவர்கள் தலையசைக்காமல் இருக்கமாட்டார்கள். வரிகள் புரியாவிட்டாலும் இந்தக் கேள்வி பதில் எல்லோருக்கும் புரியும்.

நேரடி நிகழ்ச்சிப் பதிவுதான் வேண்டுமென்றால், 1970 செப்டம்பர் 10 அன்று சிகாகோவின் குக் கவுண்டி சிறையில் கைதிகள் முன்னிலையில் அவர் வாசித்தது 1971இல் தட்டாக வந்தது. அதே 1970 மே மாதம் ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் உல்ஃப் லண்டனுக்குச் சென்று, ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸ் போன்றோருடன் பதிவுசெய்தார். அவருடைய தட்டுகளைக் கேட்டுக் கற்ற வெள்ளை இளைஞர்கள் அவருக்குப் பின்னால் அமர்ந்து வாசித்தார்கள். ராக் இசை யாரிடம் கடன்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆயினும் இசையாகப் பார்த்தால் அது 'கம்ப்ளீட்லி வெல்'லுக்கு ஈடாகாது.

மறுமொழி: குன்னூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். மைல்ஸ் டேவிஸின் அந்த ஆல்பத்தின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. எனினும், ஜாஸுக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு வாசல் திறந்திருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்? ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' ஆல்பத்தைச் சொல்கிறேன். தலைப்பிலுள்ள சுவாமி சச்சிதானந்தர் நம் மலையடிவாரத்திலிருந்து வெகுதொலைவில்லாத, கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர். ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு பெற்று, இலங்கையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 1966இல் நியூயார்க் சென்றார். 1969 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் வுட்ஸ்டாக் ராக் இசை விழாவில் தொடக்க உரை ஆற்றியவரும் அவரே. ராக் இசையின் புகழ்பெற்ற அந்தக் கூட்டத்தில் தொடக்க உரை ஆற்றியவர் கொங்குநாட்டுத் துறவி ஒருவர் என்பது நம் ஊர்களில் இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டிய செய்தி.

ஆலிஸின் கணவரான சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1967 ஜூலையில் மறைந்தார். கைக்குழந்தைகளோடு நின்ற அவர், தாங்க முடியாத துயரத்திலிருந்து மீளும் வழியில் சச்சிதானந்தரை அடைந்தார். 1970 நவம்பரில் நியூயார்க்கை அடுத்த டிக்ஸ் ஹில்ஸில், தம் வீட்டிலிருந்த ஒலிப்பதிவுக்கூடத்திலேயே இந்த ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவுசெய்தார். கடைசிப் பாடல் மட்டும் அதே ஆண்டு ஜூலையில் வில்லேஜ் கேட் அரங்கில் நேரடியாகப் பதிவானது. தம்புரா சுருதி கூட்ட, செசில் மெக்பீயின் பாஸ் ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்ல, அதன்மேல் ஆலிஸின் ஹார்ப் அலையாக விரிகிறது. பிறகு ஃபேரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன் நுழைகிறது. ஆலாபனையின் நிதானத்தோடு, ஒவ்வொரு சுரத்திலும் தங்கி, மேலே செல்கிறது. இந்தியக் கருவியை அலங்காரத்துக்காக ஓர் ஓரத்தில் ஒட்டவைத்த தட்டுகள் அக்காலத்தில் நிறைய வந்தன. இது அவ்வகையன்று, தம்புராவை எடுத்துவிட்டால் இந்த இசை நிற்க இடமில்லை.

மைல்ஸின் தட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் ஒரு பக்கத்தை முதலிலும், இடைவேளைக்குப் பின் ஆலிஸின் முதல் பக்கத்தையும் வைத்தால், தம்புரா இல்லாத சுருதியும் தம்புராவுடன் கூடிய சுருதியும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்கும்.

கோத்தகிரி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குன்னூர் அம்மையார் சொன்னபடி ஜாஸ் மாலையை இரண்டாகப் பகிர்ந்துகொள்கிறேன். ப்ளூஸ் மாலைக்குக் கூடலூர் ஐயா எழுதியதையே, அவர் இசைந்தால், அவையில் படிக்க விரும்புகிறேன். சோல் மாலைக்கு மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தை வைக்கலாமா என்று ஒரு மாணவி கேட்கிறாள். 1971இல் வந்தது என்பதால் நம் எல்லைக்குள்தான் இருக்கிறது. ராக் மாலைக்கு இன்னும் எதுவும் முடிவாகவில்லை. மின்கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை வைத்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி: உதகை வாசகர்

வணக்கம் அம்மா. அந்த மாணவியின் தேர்வு மிகச் சரியானது. ஐசக் ஹேய்ஸின் தட்டைவிட உங்கள் அவைக்கு இதுவே பொருந்தும். ஹேய்ஸின் பெருமை அவர் சொல்லும் கதையில் பாதி இருக்கிறது, ஆங்கிலம் புரியாதவர்களுக்கு அந்தப் பாதி கிடைக்காமல் போய்விடும். மார்வின் கேயின் தட்டில் வரிகளின் பொருளைச் சில சொற்களில் முன்னுரையாகச் சொல்லிவிட்டால் மீதியைக் குரலே சொல்லும். 1969 மே மாதம் பெர்க்லி நகரில் இளைஞர்கள் மீது காவலர்கள் நடத்திய தாக்குதலைக் கண்ட ஓபி பென்சன் என்ற பாடகர் தொடங்கியதுதான் ஆல்பத்தின் பெயரைக் கொண்ட பாட்டு. மார்வின் அதைத் தமதாக்கிக்கொண்டபோது, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தம் தம்பி சொன்னவற்றையும் மனத்தில் வைத்திருந்தார். 1970 ஜூனில் டெட்ராய்ட்டில் பதிவான பாட்டை வெளியிட மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர் பெரி கார்டி விரும்பவில்லை. 1971 ஜனவரியில் வெளிவந்ததும் நாடெங்கும் விற்றது. அதன்பின்னரே முழு ஆல்பத்துக்கும் வழி பிறந்து, மே 21 அன்று அது வெளியாயிற்று.

கேட்கும்போது இரண்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். மார்வினின் குரல் ஒன்றன்று. அவரே இருமுறை பாடி, இரண்டையும் அடுக்கி வைத்திருக்கிறார். ஒரு குரல் முறையிட, இன்னொன்று பக்கத்திலிருந்து ஆறுதல் சொல்கிறது. மற்றொன்று, இளையராஜாவின் பாஸ் கிதாரைத் தேடிக் கேட்கும் உங்கள் அன்பர்களுக்காகவே சொல்வது: ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ். மோடவுனின் எண்ணற்ற பாடல்களில் வாசித்தும் அதுவரை தட்டின் உறையில் பெயர் இடம்பெறாத கலைஞர்கள் அவரும் அவருடைய தோழர்களும். இந்த உறையில்தான் அவர்கள் பெயர்கள் முதன்முதலாக அச்சாயின. முதல் பக்கத்தின் பாடல்கள் இடைவெளியின்றி ஒன்றுள் ஒன்று கலந்து ஓடுவதால், நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்லாதீர்கள்.

ஹென்ட்ரிக்ஸைப் பற்றிய உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் பத்தாண்டின் திருப்பத்தைப் பேசும் வரிசையில் 'பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்' இல்லாமற்போவது பெருங்குறை. நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 1969 டிசம்பர் 31, 1970 ஜனவரி 1 ஆகிய இரு நாட்களில் நான்கு நிகழ்ச்சிகள் நடந்தன; தட்டில் இருப்பவை புத்தாண்டு நாளில் வாசித்தவை. பில்லி காக்ஸ் பாஸ், பட்டி மைல்ஸ் டிரம்ஸ். மூவரும் கறுப்பினக் கலைஞர்கள். 'மெஷின் கன்' பாடலைச் சிகாகோவிலும் மில்வாக்கியிலும் நியூயார்க்கிலும் போராடும் வீரர்களுக்கென்று முதலில் சொல்லி, பிறகுதான் வியட்நாமில் போராடும் வீரர்களையும் சேர்த்துக்கொள்கிறார். போர் உள்நாட்டுத் தெருக்களிலும் நடக்கிறது என்பதை அவர் அந்த வரிசையிலேயே சொல்லிவிட்டார். அடுத்துவரும் பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேலான வாசிப்பில் கிதார் துப்பாக்கியாகிறது, விமானமாகிறது, அடிபட்டவரின் ஓலமாகிறது. ஒரு சுரத்தை நெடுநேரம் நீட்டி நிறுத்தும் இடம் ஒன்று வரும். நாகஸ்வரத்தில் ஒரே மூச்சில் நிற்கும் கார்வையைக் கேட்டிருக்கும் பெரியவர்கள் அந்த இடத்தில் எழுந்து போகமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று அவர் இறந்தார். அவர் உயிரோடிருந்தபோது தாமே ஒப்பி வெளியிட்ட கடைசித் தட்டு இதுதான்.

முழுத் தட்டையும் வைக்கத் தேவையில்லை. முதல் பக்கத்தில் இரண்டே பாடல்கள். இரண்டாவது 'மெஷின் கன்'. அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, இடைவேளைக்குப் பிறகு பீட்டில்ஸின் 'அபே ரோடு' இரண்டாம் பக்கத்தை வையுங்கள். 1969 செப்டம்பரில் வந்தது. பிரியப்போகும் நால்வர் முடிவுறாத சிறு பாடல்களைக் கோத்து ஒரே நீள்வரிசையாக்கியது. மூன்று நிமிடப் பாட்டை உலகுக்கே கற்பித்தவர்களும் கடைசியில் ஒரு பக்கம் முழுவதையும் நாடினார்கள் என்பதால், கொடைக்கானல் நண்பர் சொன்னது அங்கே நன்கு விளங்கும்.

ஒலியளவைப் பற்றி ஒன்று. மழை நாளில் தகரக் கூரையடியில் கூடுவதாக இருந்தால் 'இன் எ சைலன்ட் வே' கேட்கவே கேட்காது. ஓட்டுக்கூரையோ கான்கிரீட் தளமோ உள்ள அறையாகப் பாருங்கள். அசல் தட்டுகளை இரவல் வாங்குவதாக இருந்தால், நம் ஈரக்காற்றில் உறைகளில் பூஞ்சை பிடித்திருக்கும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால் வரிகளின் போக்கிலேயே துடைத்து, நிழலில் உலர்த்தி, நிறுத்திவையுங்கள்.

மறுமொழி: கூடலூர் வாசகர்

அம்மா, நான் எழுதியதைத் தாராளமாகப் படியுங்கள். கூடுமானால் பி.பி.கிங்குக்கு முன்பு, அவையில் இருக்கும் தோட்டத்துப் பெரியவர் யாரையாவது ஒரு பழைய பாட்டைப் பாடச் சொல்லுங்கள். ஒரு வரியை இருமுறை பாடி மூன்றாம் வரியில் முடிப்பது ப்ளூஸின் அமைப்பு; நம் தெம்மாங்கிலும் வரி திரும்பி வருவதுண்டு. அவர் பாடி முடித்த கையோடு தட்டைப் போட்டுவிடுங்கள். இடையில் முன்னுரை எதுவும் வேண்டாம்.